ஆறிப்போன சளிக்கு ஒரு சான்றிதழ்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும்,

வணக்கம். நான்காம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் தாய் எழுதுகிறேன். எந்தச் சிறுமி என்று உங்களுக்குத் தெரியும். மூன்று நாள் விடுப்புக்கு மருத்துவச் சான்றிதழ் கொண்டுவரவில்லை என்று வகுப்பு வாசலில் ஒரு பாடவேளை முழுக்க நின்றவள்தான்.

அந்த மூன்று நாளும் அவள் சளி பிடித்து வீட்டில் படுத்திருந்தாள். கஞ்சியும் மிளகு ரசமும் கொடுத்தேன். பசியில்லை என்றபோது வற்புறுத்தாமல் வெந்நீர் மட்டும் கொடுத்தேன். இரவு இருமலுக்குத் தேன். நொச்சி ஆவி பிடிக்கச் சொன்னார் என் மாமியார். கொதிக்கும் பாத்திரத்துக்கு முன் குழந்தையை உட்காரவைக்க எனக்குப் பயம், அதைச் செய்யவில்லை. நான்காம் நாள் மூக்கு அடைப்பு விட்டது, காய்ச்சலும் இல்லை. பள்ளிக்கு அனுப்பினேன். நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள்.

மறுநாள் அரைநாள் கூலியை விட்டுவிட்டு, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு அவளை பஸ்ஸில் கூட்டிப்போனேன். பனைகளை உலுக்குகிற கிழக்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மாதம் இது; பஸ்ஸில் ஷட்டர் பாதிக்கு மேல் இறங்கவில்லை. ஒரு கிளினிக்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இந்தப் பக்கம் இருமுகிறவர், அந்தப் பக்கம் தும்முகிறவர், நடுவில் நலமாகிவிட்ட என் மகள். உள்ளே போனதும் ஒரு நிமிடத்தில் சான்றிதழ் கிடைத்தது. கூடவே, குணமான குழந்தைக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதிய சீட்டும் கிடைத்தது. மருந்தை நான் வாங்கவில்லை. இரண்டாம் நாள் மகள் மறுபடி தும்மத் தொடங்கினாள்.

சளியை உண்டாக்கும் வைரஸ் வகைகள் இருநூறுக்கும் மேல். ஒன்றை உடல் வென்றுவிட்டது என்பதால் அடுத்தது விலகிப்போகாது. ஆறிப்போன சளிக்குச் சான்றிதழ் வாங்கப் போய், புதுச் சளியை வாங்கிவந்தோம். இப்போது இந்த விடுப்புக்கும் சான்றிதழ் வேண்டுமாம்!

நான் கேட்பது ஒன்றுதான்: சாதாரணச் சளிக்கு ஐந்து நாள் வரை பெற்றோர் எழுதித் தரும் கடிதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

உடல் தன் கழிவைத் தானே வெளியே தள்ளும் வழிதான் சளி, அதைத் தடுக்காதே என்பார்கள் இயற்கை மருத்துவர்கள். வைரஸ்தான் காரணம் என்பார்கள் ஆங்கில மருத்துவர்கள். காரணத்தில் நான் இரண்டாமவர்கள் பக்கம். ஆனால் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால் இருவர் பதிலும் ஏறக்குறைய ஒன்றே: ஓய்வு, நீர், பொறுமை. காய்ச்சல் உடலின் தற்காப்பு. தும்மலும் இருமலும் உள்ளே வந்ததை வெளியேற்றும் வேலை. பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் சரியாகிவிடும். மூக்கில் வருவது பச்சையாக மாறியதும் ஆன்டிபயாடிக் தேடி ஓடுகிறோம். நிறம் மாறுவது மட்டுமே பாக்டீரியாவுக்கு அடையாளம் ஆகாது. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்கும் கடைகளைப் பிடிக்க 2024-இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று கேரள அரசே சோதனை தொடங்கியது. சீட்டு வாங்கிவா என்று குழந்தையைத் துரத்துகிற பள்ளியை எந்தச் சோதனையில் சேர்ப்பது?

மூச்சுத் திணறல், விடாத கடும் காய்ச்சல், நீர்கூட இறங்காத நிலை என்றால் நீங்கள் சொல்லும்வரை எந்தத் தாயும் காத்திருக்க மாட்டாள்.

ஒவ்வோர் அக்டோபர் 2-ஆம் தேதியும் காந்தி படத்துக்கு மாலை போடுகிறீர்கள். 1946-இல் புனே அருகே உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவம் பார்த்தவர் அவர். நம் பள்ளியில் படித்திருந்தால் அவரும் வாசலில்தான் நின்றிருப்பார். இந்தச் சான்றிதழ் விதியைச் சொல்லும் சுற்றறிக்கையாவது தமிழில் வந்ததா? தமிழ் வழி வகுப்புப் பெற்றோருக்கு மலையாளத்தில் அச்சடித்து அனுப்பினீர்கள். எதிர்வீட்டுப் பெண் படித்துச் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்று இம்மாநில ஆட்சிமொழிச் சட்டம் 1969-இலேயே இடம் கொடுத்திருக்கிறது. அதனால்தான் இந்த மடலையும் தமிழில் எழுதுகிறேன்.

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் மீது எனக்குப் பகையில்லை. என் மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள். அடுத்த கூட்டத்தில் இந்த ஒன்றை மட்டும் பேசி முடிவெடுங்கள்: சளிக்கு ஐந்து நாள் வரை பெற்றோர் கடிதம் போதும்.

மகள் திங்கட்கிழமை வருவாள். கையில் என் கடிதம் இருக்கும், சான்றிதழ் இருக்காது. அவளை உள்ளே உட்காரவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்