மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு வா

பாம்பன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். உன்னோடு வேலை பார்க்கிற நாலு பேரையும் அழைத்துவந்து ஒரே நாளில் 22 தீர்த்தம், கோயில், தனுஷ்கோடி, பாம்பன் பாலம், கலாம் நினைவிடம், குருசடைத் தீவு என்று எல்லாவற்றையும் முடித்து, ராத்திரியே மதுரைக்குத் திரும்புவதாக எழுதியிருக்கிறாய். அது வேண்டாம் தாயி. மூன்று நாள் ஒதுக்கு, இடங்களைக் குறை.

சிங்கப்பூர் செந்தோசாவில் உங்கள் தீம் பார்க்குக்கு வருகிறவர்களைப் பற்றி நீயே போனில் சொல்வாய். உள்ளூர்க்காரர் வருஷப் பாஸ் வைத்திருப்பார், வெயில் தாழ வந்து கூட்டமில்லாத ரைடு ஒன்றிரண்டில் ஏறிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். வெளிநாட்டுப் பயணி கேட் திறக்குமுன்பே நின்று, மேப்பும் கையுமாக மூடுகிற வரைக்கும் ஓடுவார். கொடுத்த காசுக்கு ஒன்றும் விட்டுப்போகக் கூடாது அவருக்கு. ராமேஸ்வரத்திலும் இந்த இரண்டு விதமும் உண்டு. ஆனால் உங்கள் ரைடு காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரிதான் ஓடும். இங்கே கடல் மாதத்துக்கு ஒரு முகம், மணிக்கு ஒரு முகம். பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் அந்த முகம் வருகிற நேரத்தில் வேறெங்கோ வரிசையில் நின்றுகொண்டிருப்பார். உன் சினேகிதர்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மாதம். டிசம்பர் கடைசி வாரம் என்கிறாய். அரையாண்டு விடுமுறையும் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் ஒன்றாகச் சேருகிற வாரம் அது. அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். வாடைக்காற்றும் மழையும் எப்போது வேண்டுமானாலும் வரும். பிப்ரவரிக்குத் தள்ளிவை. வாடை தணியத் தொடங்கியிருக்கும், தண்ணீர் தெளிய ஆரம்பித்திருக்கும், பூநாரைகளும் இன்னும் போயிருக்காது. டிக்கெட் போடுமுன் காலண்டரில் அமாவாசையைப் பார்த்துக்கொள். தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை மூன்றிலும் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமிருக்காது. பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா வரும். அதற்குப் போக இந்திய அடையாள அட்டையும் முன்பதிவும் வேண்டும், உன் சினேகிதர்களால் முடியாது. அந்த நாட்களில் விசைப்படகும் கடலுக்குப் போகாது, மீன் வரத்து குறையும்.

அறை எடுக்கும்போது ஒன்று மட்டும் கேள்: "வெளிநாட்டுக்காரருக்கு ஃபார்ம் சி பதிவு செய்வீர்களா?" பாஸ்போர்ட், விசா விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். சின்ன லாட்ஜ்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை. நம்மூர்க்காரருக்கு ஆதார் காட்டினால் சாவி கிடைத்துவிடும். உன் சினேகிதர்களை ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தனுஷ்கோடிக்கு ஒரு முழுக் காலைப் பொழுதைக் கொடு. வெளியூர்ப் பஸ்ஸெல்லாம் கோயிலை முடித்துவிட்டுப் பத்து, பதினொரு மணிக்குத்தான் அங்கே போய்ச் சேரும். அப்போது மணல் கொதிக்கும், நிலம் முடிகிற அரிச்சல்முனையில் வண்டி திரும்ப இடமிருக்காது. எல்லாரும் அங்கே நிற்கிற தூண் பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு இருபது நிமிஷத்தில் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இருட்டோடு கிளம்பி ஆறரை மணிச் சூரியனுக்கு முனையில் இருங்கள். 2017-ல் ரோடு போட்ட பிறகு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரை ஒன்பதரை கிலோமீட்டரும் தார்ச்சாலைதான். காரிலேயே போகலாம், மணலில் ஓடிய வேன் இப்போது தேவையில்லை. பொழுது சாயுமுன் போலீஸ் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடும்.

முனையை நோக்கிப் போகும்போது இடது கைப்பக்கம் பாக் நீரிணை, வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா. இடது பெண் கடல், எப்போதும் அமைதி, வலது ஆண் கடல், எப்போதும் ஆவேசம் என்று சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருப்பார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற வைகாசி முதல் புரட்டாசி வரை அது சரி. வாடை மாதங்களில் அப்படியே தலைகீழ்: வடபுறம் கலங்கிக் குமுறும், தென்புறம் குளம் போலக் கிடக்கும். நீங்கள் வரும்போது இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அவர்களை ரோட்டின் இரண்டு ஓரத்திலும் பத்துப் பத்து நிமிஷம் நிற்கச் சொல். நூறடி இடைவெளியில் இரண்டு கடலின் சத்தமே வேறாக இருக்கும். அதைக் கேட்காமல் திரும்பினால் தனுஷ்கோடி வந்ததற்கே அர்த்தமில்லை என்பேன்.

முனையில் யாரும் கடலில் இறங்கக் கூடாது. இரண்டு பக்க நீரோட்டமும் அங்கே மோதிச் சுழன்று காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். முழங்கால் தண்ணீர்தானே என்று நிற்கிறவர் அடுத்த அலையில் இடுப்பளவில் நிற்பார். நல்ல நீச்சல்காரரையும் அது இழுத்துவிடும். குளிக்க ஆசைப்பட்டால் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அரியமான் இருக்கிறது: ஆழமில்லாத கரை, சவுக்குத் தோப்பு நிழல். ராமநாதபுரத்துக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை சோறு கட்டிக்கொண்டு போகிற இடம் அதுதான். அங்கே மணலில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல். புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும், தூக்கிவைத்து மிதித்தால்தான் முள்ளை இறக்கும். முள் பட்டால் உடனே தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றவோ மணல் போட்டுத் தேய்க்கவோ கூடாது. கடல் தண்ணீராலேயே கழுவ வேண்டும்.

தனுஷ்கோடியில் அவர்களுக்குக் காட்ட வேண்டியது கரைவலை. வலையைப் படகில் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, கயிற்றின் இரண்டு முனையையும் கரையில் தள்ளித் தள்ளி நின்று இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். பின்பக்கமாகவே நடப்பார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு முன்னால் ஓடி மறுபடி தண்ணீரோரம் பிடிப்பார். இரண்டு கூட்டமும் மெல்ல மெல்ல நெருங்கி வரும். வெளியூர்க்காரர் கயிறு இழுப்பதைப் படம் பிடித்துவிட்டுப் போய்விடுவார். உள்ளூர்க்காரர் கயிற்றைப் பார்ப்பதே இல்லை, வலையின் நடுவில் மீன் சேருகிற பையான மடிக்காகக் காத்திருப்பார். மடி கரையேற ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அவிழ்க்கும்போது சூடை, காரல், நெத்தலி எல்லாம் ஒரே வெள்ளியாகத் துள்ளும். சில நாள் பாசியும் சொறியும்தான் இருக்கும். கேட்டுவிட்டுக் கயிறு பிடித்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கேமராவை முகத்துக்கு நேரே நீட்டினால்தான் கோபம் வரும். நம் பக்கத்துப் பாசி எடுக்கிற பெண்களுக்கும் இதுவே. விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி எடுத்து, குளிர்ந்துபோய்க் கரையேறுகிற நேரத்தில் படம் கேட்க வேண்டாம்.

1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயமும் ரயில் நிலையமும் வழியிலேயே இருக்கின்றன. பயணிகளோடு ஒரு ரயிலே அந்த ராத்திரி கடலில் போனது. சுவர் மேல் ஏறி நின்று போட்டோ எடுக்கிறார்கள். அந்த ஊர்க்காரர் பார்க்கும்போது மனசு வலிக்கும், சுவரும் பவளக்கல், சுண்ணாம்பில் கட்டியது, உதிரும். உன் ஆட்களைக் கீழேயே நிறுத்து. பக்கத்துக் குடிசைகளில் மணலில் சில அடி தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். இரண்டு உப்புக் கடலுக்கு நடுவில் மழைநீர் மணலுக்குள் தேங்கி, கனமான உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உவர்ப்பாகிவிடும். அதனால்தான் மேலாக அகப்பையால் மொள்வார்கள்.

திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கழிமுகத்தில் பூநாரைகளைத் தேடுங்கள். 2025-ல் அரசு அந்தப் பகுதியைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. காலை எட்டு மணிக்குள் என்றால் வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி நிற்கலாம். பைனாகுலர் கொண்டு வா, கிட்டே போனால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும்.

கோயிலுக்கு மறுநாள். 22 தீர்த்தமும் ஆடுவது பெரும்பாலும் வெளியூர்க்காரர்தான். உள்ளூரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்பாள் தங்கப் பல்லக்கில் மூன்றாம் பிரகாரம் சுற்றுவதைப் பார்க்கத்தான் குடும்பத்தோடு போவார்கள். உன் நாலு பேரில் இந்துக்கள் அல்லாதவர் சன்னதிக்குள் போக முடியாது. ஆகவே அவர்களை வெள்ளிக்கிழமை மாலை பிரகாரத்துக்கு அழைத்துப் போ. 1212 தூண்களும் விளக்கு வெளிச்சத்தில் வரிசையாகப் போவதைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. பகல் ஒரு மணிக்கு நடை சாத்தி மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். செல்போனை அறையிலேயே வைத்துவிடுங்கள்.

நீ தீர்த்தமாடுவதென்றால் அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டுக் கோயில் கவுன்டரில் டிக்கெட் எடு. வெளியே "தனியாக ஊற்றுகிறோம்" என்று கூப்பிடுகிறவரிடம் பேச்சுக் கொடுக்காதே. ஜீன்ஸ் போடாதே, நனைந்தால் நடக்க முடியாது. பாலிகாட்டன் சுடிதார் போதும். ஈரக் கருங்கல் வழுக்கும், அவசரப்பட்டு அடுத்த கிணற்றுக்கு ஓடுகிறவர்தான் விழுகிறார். ஈர உடையோடு சன்னதிக்கு விடமாட்டார்கள், மாற்றுத் துணி வேண்டும்.

பாலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1914-ல் கட்டிய பழைய தூக்குப் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தாயிற்று. நடுவில் உள்ள 72.5 மீட்டர் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். ரோட்டுப் பாலத்தின் நடுவில் காரை நிறுத்தாதே. பாம்பன் முனையில் வண்டியை விட்டுவிட்டு, ரயில் வருகிற நேரம் கேட்டுக்கொண்டு நடைபாதையில் நடந்து போங்கள். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைக்கச் சொல், அந்தக் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும்.

குருசடைத் தீவுக்கு வாடகைப் படகு பேசாதே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. குந்துகாலிலிருந்து வனத்துறை ஓட்டுகிற படகில் மட்டும் போகலாம், அதுவும் காற்று ஏறினால் ரத்து. அன்றைக்கு ரத்தானால் தொண்டிப் பக்கம் காரங்காட்டுக்குப் போய் அலையாத்திக் காட்டுக்குள் படகில் சுற்றுங்கள். அங்கே ஊர்ப் பெண்களே மீன் சமைத்துக் கொடுப்பார்கள்.

வெளிநாட்டுக்காரரிலும் ஒரு கூட்டம் உண்டு, பாராட்டியே ஆக வேண்டும். பெரிய பட்டத்தைப் பிடித்துக் கடல்மேல் சறுக்கும் கைட் சர்ஃபிங் பண்ண வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள். வாடையில் எந்தக் கரை, கச்சானில் எந்தக் கரை என்று நம் படகுக்காரர் மாதிரியே பேசுவார்கள். ஊரும் அவர்களைத் தன் ஆளாகத்தான் பார்க்கிறது. தங்கினால் எவரும் உள்ளூர்க்காரர் ஆகலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்குக் கிழமை பார். விசைப்படகு திங்கள், புதன், சனி போய் மறுநாள் காலை திரும்பும். செவ்வாய், வியாழன், ஞாயிறு மீன் நன்றாக இருக்கும். தனுஷ்கோடிக் கடையில் பொரிக்கச் சொல்லுமுன் செவுளைத் தூக்கிப் பார்: சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் குழி விழாமல் நிமிர வேண்டும். விலையையும் அப்போதே பேசிக்கொள். சில்லறை நோட்டு கொண்டு போ, உன் சினேகிதர்களிடம் ஜிபே இருக்காது. ஊருக்குக் கொண்டுபோகக் கீழக்கரைத் தொதல் வாங்கலாம். தேங்காய்ப்பாலில் கிண்டியது, எண்ணெய் விட்டு நன்றாகச் சுருண்டிருந்தால் பல நாள் தாங்கும்.

பவளத்துண்டு, "மிதக்கும் கல்" எதையும் வாங்கவோ கரையில் பொறுக்கவோ விடாதே. பவளம் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை, ஏர்போர்ட்டில் பிடித்தால் வழக்கு. ட்ரோனும் சாட்டிலைட் போனும் சிங்கப்பூரிலேயே இருக்கட்டும். தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்தான், கடற்படைக் காவல் உள்ள கரை இது. முனையில் போன் இலங்கை டவரைப் பிடித்து ரோமிங் ஏறும், நெட்வொர்க்கை முன்கூட்டியே கையால் தேர்ந்து வைக்கச் சொல்.

நாலு பேரின் பாஸ்போர்ட் நகலையும், யாருக்கு நீச்சல் தெரியாது, யாருக்கு நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாது என்பதையும் இந்த வாரத்துக்குள் அனுப்பு. வனத்துறைப் படகுக்கும் அறைக்கும் பெயர் கொடுக்க வேண்டும், அம்மாவும் சமையலுக்குக் கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா