பாரிட் ஜாவாவில் வேன் ஏறிய அண்ணனுக்கு

அண்ணே,

நன்கொடை திரட்ட நாம் மலேசியாவுக்குப் போகும் சைக்கிள் பயணத்தின் இந்த வருடப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. மூன்று முறை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டேன். ஒரு வருடமாக நேரில் சொல்ல வாய் வராததை எழுதியே விடுவது என்று அப்போதுதான் முடிவெடுத்தேன். குழுவில் எல்லாரும் படிப்பார்கள், அண்ணியும் படிப்பார். படிக்கட்டும். உங்களை வேனில் ஏற்றியதும் அத்தனை பேர் முன்னால்தானே.

போன வருடப் பயணத்தின் இரண்டாம் நாள் உங்கள் பின்சக்கரம் மூன்று முறை பஞ்சரானதற்குக் காரணம் ஒரே கம்பி. முதல் முறையே அதை எடுத்திருக்க வேண்டியவன் நான். "டயருக்குள்ள ஒண்ணுமில்ல, மாட்டலாம்" என்று சொன்னவனும் நான்தான்.

பத்து பஹாட் ஊரில் மழை விட்டுக் கிளம்பவே மணி 9. ஈரச் சாலையில்தான் டயர் அதிகம் குத்து வாங்கும். தண்ணீர் பட்ட ரப்பருக்குள் கூரான எதுவும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஐந்தாம் எண் சாலையின் ஓரம் நெடுக வெடித்த லாரி டயர்த் துண்டுகள். அவற்றுக்குள் இருக்கும் எஃகு இழை தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பு, உடைந்து விழுந்தால் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம். டயருக்குள் ஏறிவிட்டால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. பளு விழும்போது மட்டும் டியூபைத் தொடும்; அதனால்தான் காற்று ஒரேயடியாக இறங்காமல் நான்கைந்து கிலோமீட்டர் ஓடவிட்டு இறங்கியது.

டியூப் அதை அப்போதே சொன்னது. ஓட்டை ரிம் பக்கம் இருந்தால், ரிம்மில் ஸ்போக் துளைகளை மூடும் பட்டையான ரிம் டேப் நகர்ந்திருக்கிறது. பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டு இருந்தால் காற்று போதாமல் குழியில் அடிபட்டிருக்கிறது. உங்களுடையது சாலைப் பக்கம் ஊசிமுனை அளவில் ஒற்றை ஓட்டை. அப்படியானால் குத்தியது இன்னும் டயரில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேட வேண்டும். டயரின் ஒரு பக்கம் ரிம்மிலேயே இருந்தது. டியூபைச் சக்கரத்தின்மேல் வைத்து வால்வுக்கு வால்வு பொருத்திப் பார்த்திருந்தால் ஓட்டைக்கு நேரே எந்த இடம் என்று தெரிந்திருக்கும். ஒரு நிமிட வேலை. நான் கட்டை விரலை ஒரே திசையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு எழுந்துவிட்டேன். சாய்ந்து நிற்கும் இழை அப்படித் தடவினால் படுத்துக்கொள்ளும். எதிர்த்திசையிலும் தடவ வேண்டும், விரலால் அல்ல, பஞ்சால். இழை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். டயரை வெளிப்பக்கமாக மடக்கினால் குத்திய வாய் திறக்கும்.

மூன்றாவது முறை அப்படித்தான் கிடைத்தது. இடுக்கியால் உங்கள் கண்முன்னால் எடுத்து, "புதுசா ஒண்ணு குத்தியிருக்கு" என்றேன். அன்றிரவு மலாக்காவில் மூன்று டியூபையும் வால்வோடு வால்வு சேர்த்துத் தரையில் நீட்டி வைத்தேன். மூன்றிலும் ஓட்டை வால்விலிருந்து இரண்டு சாணும் நான்கு விரலும். புதுசு இல்லை, அண்ணே.

அந்த மூன்று நிறுத்தமும் உங்களை என்ன செய்தன என்பதைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும்போது காற்று வியர்வையை ஆற்றும். நின்றால் காற்றும் நின்றுவிடும். மழை விட்ட புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டத்தான் செய்யும். சொட்டினால் உடம்பு குளிராது, நீரும் உப்பும்தான் போகும். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம், நிழலே இல்லாத சாலையோரம். எனக்காவது சக்கரத்தோடு வேலை இருந்தது. நீங்கள் வெயிலில் நின்று எனக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆனால் உப்பு என் தவறு இல்லை. முதல் நாள் மாலையே உங்கள் கறுப்பு ஜெர்சியின் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு கட்டியிருந்தது. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகும். இந்த வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் சாதாரணம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பொட்டலம் உப்புக் கரைசல் பொடியைக் கரைத்து நான் நீட்டியதைத் தள்ளிவிட்டு வெறும் தண்ணீரையே குடித்தீர்கள். ஏன் தள்ளினீர்கள் என்று நம் இருவருக்கும் தெரியும், இங்கே எழுதமாட்டேன். அதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு முன்னால் போய்க் காற்றை மறைத்து எங்களை இழுத்ததும் நீங்களாகவே செய்தது. இங்கே சிங்கப்பூரில் 2022 ஜனவரியிலிருந்து ஒரு குழு ஐந்து சைக்கிள் நீளத்துக்கு மேல் போகக்கூடாது, இரண்டிரண்டாகப் போனால் பத்துப் பேர். அந்தப் பழக்கத்தில் சாங்கி கடற்கரைச் சாலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் ஆள் மாறுவோம். அன்று நீங்கள் மாறவே இல்லை. உங்களால் தாமதம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று 34இல் இழுத்தீர்கள். பின்னால் ஒண்டிக்கொண்டு வந்த எங்களுக்குக் கால்வாசிக்கு மேல் உழைப்பு மிச்சம். காற்றை முழுக்கச் சுமந்தது நீங்கள். கை காட்டினேன், கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பாரிட் ஜாவாவுக்குள் நுழையும்போது உங்கள் சக்கரம் வெள்ளைக்கோட்டை இரண்டு முறை தாண்டி வந்தது. பக்கத்தில் வந்து, "அண்ணே, எத்தனை பாட்டில் குடிச்சீங்க?" என்றேன். நீங்கள் சாதாரணமாக, "தேக்காவுல நிறுத்தி ஒரு கோப்பி குடிச்சிட்டுப் போவோம்" என்றீர்கள்.

தேக்கா இருப்பது சிங்கப்பூரில். பின்னால் இருவர் சிரித்தார்கள். நான் உங்கள் கையைப் பார்த்தேன். நடுப்பகல் வெயிலில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மயிர் சிலிர்த்து நின்றது. சூட்டில் குளிர் எடுப்பதும் இடம் மறப்பதும் சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது. "ஆறேழு நிமிஷம் நிழல்ல உக்காந்தா சரியாயிடும்" என்று சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளை குழம்பிய பிறகு நிழல் மட்டும் போதாது. குளிர்விக்க வேண்டும், உடனே. அதனால்தான் கடை வாசல் ஐந்தடிப் பாதையில் படுக்கவைத்து, கோப்பிக் கடை ஐஸை மூட்டையாகக் கட்டிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தோம். தண்ணீர் கேட்டீர்கள், கொடுக்கவிடவில்லை. நினைவு சரியில்லாதவருக்கு வாயில் ஊற்றினால் புரையேறும். அதைக் கல்நெஞ்சு என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

வேனுக்குள் நீங்கள் சொன்னது என்னோடு இருக்கட்டும்.

மன்னிப்பு கேட்கிறேன். கம்பிக்காக, பொய்க்காக, எல்லார் முன்னாலும் "ஏறுங்கண்ணே, போதும்" என்று அதட்டியதற்காக. தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம், நேரம் இல்லை என்று நினைத்தேன். ஏற்றியதற்காக மட்டும் மன்னிப்பு கேட்கமாட்டேன். ஓட்டாமல் விட்ட தூரத்துக்கான நன்கொடையை நீங்களே உங்கள் பையிலிருந்து போட்டீர்களாம். ஏன் அண்ணே? கொடுத்தவர்கள் யாரும் கிலோமீட்டர் கணக்குக் கேட்கவில்லையே. ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் அந்த மூன்று டியூபையும் கொண்டுவந்து காட்டியிருப்பேன். நானும் கேட்காமலே காட்டியிருக்க வேண்டும்.

பெயர் சேர்க்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இந்த வருடம் ஒவ்வொருவர் பையிலும் இரண்டு டியூப், இடுக்கி, ஒரு பிடி பஞ்சு கட்டாயம் என்று எழுதிவிட்டேன். முன்னால் இழுப்பவர் ஐந்து நிமிடத்தில் விலக வேண்டும், வயது எதுவானாலும். உப்பு எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி வாருங்கள். அந்தத் தாள் இல்லாமல் உங்களைக் கிளம்ப விடமாட்டேன். சனிக்கிழமை காலை 6 மணிக்குச் சாங்கியில் வழக்கமான இடம். டயரில் இருக்கும் எழுத்து வால்வுக்கு நேரே வரும்படி மாட்டிக்கொண்டு வாருங்கள்.