கேள்வித்தாளில் நம்ம ஊர் போர்வெல்லும் இருக்கட்டும்

தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் சுற்றுச்சூழல் பாடத்துக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நீடித்த வளர்ச்சி பற்றி மாணவர்களுக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று பார்க்கத்தான் தேர்வு வைக்கிறீர்கள். ஆனால் நான் பார்த்த தாள்களில் ஐ.நா. இலக்குகள் எத்தனை (17), எந்த ஆண்டு ஏற்றார்கள் (2015), நீடித்த வளர்ச்சிக்கு விளக்கம் தந்த புருண்ட்லாண்ட் அறிக்கை எப்போது வந்தது (1987) என்றே ஓடுகிறது. மூன்றுக்கும் சரியாக டிக் அடித்துவிட்டு, 'தண்ணிய நல்லா கொதிக்க வெச்சா ஃபுளோரைடு போயிடும்' என்று வீட்டில் சொல்லும் பிள்ளைக்கும் முழு மார்க்தான்.

கொதித்தால் கிருமிதான் சாகும். அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அப்படியே தங்கும். தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவும் செய்யும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. நம் நிலத்தடிப் பாறையிலிருந்தே ஃபுளோரைடு ஊறி வருவதால்தான் 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் நம் குழாய்களுக்கு வந்தது. இதைக் கேட்காமல் தருமபுரியில் வேறு எதைக் கேட்பது?

இன்னொன்று: 'போன வருஷத்தைவிட இந்த வருஷம் மழை அதிகம். போர்வெல்லில் நீர்மட்டம் ஏறியே தீருமா?' ஏறும் என்றுதான் பலரும் எழுதுவார்கள். உள்ளே இறங்குவதைவிட மோட்டார் இழுப்பது அதிகமென்றால் நல்ல மழையிலும் மட்டம் இறங்கும். இதில் தடுமாறுவது நம் பிள்ளைகள் மட்டுமில்லை. லிண்டா பூத் ஸ்வீனி, ஜான் ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களிடம் தொட்டியில் நீர் வரத்து, வெளியேற்றம் பற்றி எளிய கணக்கு கொடுத்தார்கள். அங்கேயே பலர் தப்பாகப் போட்டார்கள். 2000-ல் வெளியான ஆய்வு அது. காற்றில் சேரும் கரியமில வாயுவுக்கும் இதே கணக்குதான்: உறிஞ்சப்படுவதைவிட வெளிவிடுவது அதிகமாக இருக்கும்வரை அது கூடிக்கொண்டே போகும்.

அப்புறம், சொட்டு நீர். மானியத்தில் குழாய் போட்ட பாலக்கோட்டு விவசாயி, மிச்சமான தண்ணீரில் இன்னும் அரை ஏக்கர் தக்காளி வைத்தால் நிலத்தடி நீர் மிச்சமா? இதற்கு ஒற்றை விடை கிடையாது. சொல்லும் காரணத்துக்கு மார்க் போடுங்கள்.

இப்படிக் கேட்டால் திருத்த நேரமாகும், தெரியும். பத்தில் மூன்று கேள்வி போதும். பாடம் தொடங்கும்போது ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை அதையே கொடுங்கள். மார்க்கைவிட, எந்த இடத்தில் பிசகினார்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர், பாலக்கோடு