கேட்காத அலமாரியையும் திறந்து காட்டியவர்களுக்கு

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அனைவருக்கும் வணக்கம்.

தோட்டப் பாடசாலை ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மறுமாதமே, இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தையும் மலையக மக்களையும் பற்றிப் பல்கலைக்கழக நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் காக்கப்பட்டுவரும் ஆய்வேடுகள், அறிக்கைகள், ஆய்விதழ்க் கட்டுரைகள் ஆகியவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியல் தயாரிக்கத் தொடங்கினேன். ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. மூன்று சீ.ஆர். கொப்பிகளில் (தடித்த குறிப்பேடுகளில்) கையால் எழுதி, பின்னர் கணினியில் ஏற்றிய அந்தப் பட்டியல் இந்த மாதம் நிறைவுற்றது. அட்டையில் என் பெயர் மட்டுமே இருப்பதால், அதற்குள் இருக்கும் மற்றவர்களின் உழைப்பை வெளிப்படையாகச் சொல்லிவைக்க வேண்டிய கடமை எனக்கு உண்டு. பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், அவர்கள் செய்த உதவியை மட்டும் இங்கே சொல்கிறேன்.

இந்த வேலைக்கு விதை போட்டவர்கள் என் மாணவர்கள். இந்தியாவிலிருந்து தோட்டத் தொழிலாளர்களாக வந்த மலையகத் தமிழரின் 200 ஆண்டு வரலாற்றை நாடெங்கும் நினைவுகூர்ந்த காலம் நெருங்கியபோது, உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "எங்களைப் பற்றி யாராவது ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா சேர்?" என்று கேட்டாள். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர், எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை என்று இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் சொல்ல எதுவுமில்லாமல் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினேன். அந்தப் பிள்ளைக்கு முதல் நன்றி.

அடுத்த நன்றி பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தாருக்கு. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாகத் தோன்றி, 1952இல் பேராதனை வளாகத்தில் குடியேறிய அந்த நிறுவனத்தின் நூலகம், இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதிகளைச் சட்டப்படி பெறும் நூலகங்களுள் ஒன்று. நான் அங்கே போனது வரலாறு, சமூகவியல், தமிழ் ஆகிய மூன்று பிரிவுகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டுதான். இரண்டு வாரம் நான் ஒரே வரிசையைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த சிங்கள உதவியாளர் ஒருவர், என் அரைகுறைச் சிங்களத்துக்கும் தமது அரைகுறைத் தமிழுக்கும் நடுவே நின்று, "விவசாயப் பக்கம் பார்க்கவில்லையா சேர்?" என்று கேட்டார். என் பட்டியலின் போக்கையே மாற்றியது அந்தக் கேள்விதான். மறுநாள் தள்ளுவண்டி நிறைய மண்ணியல், பயிர்நோயியல், புவியியல், நீரியல் ஆய்வேடுகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். இவற்றுக்கும் எங்கள் மக்களுக்கும் என்ன தொடர்பு என்று அவரிடம் கேட்கவும் செய்தேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த வண்டியில் இருந்த ஒரு பழைய ஆய்வேட்டைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்த இரண்டாவது பிரதி அது. எழுத்துகள் நீலம் பாய்ந்து மங்கியிருந்தன. ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் தமிழ் எழுத்து இல்லாததால், ஆய்வாளர் தமிழ்ச் சொல் வரவேண்டிய இடங்களில் வெற்றிடம் விட்டு, பிறகு மைப்பேனாவால் அந்தச் சொற்களை எழுதிச் சேர்த்திருந்தார். தோட்டத்து அலுவலகத்துக்கு ஒவ்வொரு தேயிலை மலையும் ஓர் இலக்கம்; கொழுந்தெடுப்பவர்களுக்கோ அது பங்களாமலை, ஊத்துமலை, கோயில்மலை. மண் மாதிரி எடுத்த இடத்தைக் குறிக்க இலக்கம் மட்டுமே போதும். ஆனாலும் அவர் கூட வந்த தொழிலாளர்களைக் கேட்டு, அவர்கள் சொன்ன பெயரையும் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். சில பெயர்களில் கை நடுங்கியிருக்கிறது. ஓரிடத்தில் 'ழ' வரவேண்டிய இடத்தில் 'ள' விழுந்து, அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது. என் பாட்டி வாயால் கேட்ட பெயர்களை அதற்கு முன் எந்த வரலாற்று நூலிலும் நான் கண்டதில்லை. மண்ணின் அமிலத்தன்மையை அளக்க வந்த ஒருவரின் பின்னிணைப்பில் கண்டேன். அவர் எங்கிருக்கிறாரோ அறியேன். அந்த ஏட்டைப் பல பத்தாண்டுகளாகப் பூஞ்சணம் பிடிக்காமல் தட்டித் துடைத்து வைத்திருந்த நூலகச் சிற்றூழியர்களுக்கு என் வணக்கம். மலைநாட்டு மூடுபனியில் கடுதாசி எவ்வளவு சீக்கிரம் நமத்துப்போகும் என்பது லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டில் புத்தகம் வைத்துப் படித்தவர்களுக்குத் தெரியும்.

தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கப்பட்டது. அங்கு வெளியான ஆய்வுகளைப் படிக்க எனக்குத் துணைநின்றவர்கள், பூச்சியியல் அறியாத ஒரு தமிழாசிரியருக்கு மிகுந்த பொறுமையுடன் பாடம் எடுத்தார்கள். தேயிலை இலைகளைச் சுருட்டித் தின்னும் புழுவைக் கட்டுப்படுத்த 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டதையும், 1946இல் கொப்புள நோய் வந்து சேர்ந்ததையும், அதற்குச் செம்பு கலந்த மருந்து அடிக்கப்பட்டதையும் அவர்கள் மூலமே அறிந்தேன். அந்த அறிக்கைகளில் தொழிலாளர் பெயர் ஏதும் இல்லை. ஆனால் மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து மலையேறியவர்களுள் என் தாத்தாவும் ஒருவர். அவர் சொன்ன கதைக்கு நாளும் காரணமும் அங்கேதான் கிடைத்தன.

கோப்பிக் கால ஆவணங்களும் இப்படித்தான் எனக்குப் புலப்பட்டன. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட, கோப்பிச் செடியைத் தாக்கும் இலைத்துரு நோயை ஆராய 1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட் ஒரு பூஞ்சையியலாளர். அவருடைய அறிக்கைகள் பூஞ்சையின் வித்துகள் இலையில் எப்படிப் பரவின என்பதைத்தான் பேசுகின்றன. எங்கள் வரலாற்றுக்கோ அவை மூல ஆவணங்கள். கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் ஊர் திரும்புவார்கள். லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தொடங்கிய தேயிலைச் செய்கை, அந்த நோயால் கோப்பி அழிந்த நிலங்களில் பரவியபோது, ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டியிருந்தது. குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. அந்தக் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை வராதிருந்தால் நாங்கள் இந்த மலையில் இவ்வாறு ஊன்றியிருப்போமா என்று யோசித்து, ஹட்டனில் இறங்க வேண்டியவன் ரயிலில் கொட்டகலை வரை போய்விட்டேன்.

தேசிய ஆவணக் காப்பகத்தாருக்கும் நன்றி உரியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொழும்பிலிருந்த அரச ஆவணங்கள் பாதுகாப்புக்காக நுவரெலியாவுக்குக் கொண்டுவரப்பட்டன என்பதை அறிந்தபோது, ஒரு காலத்தில் நாட்டின் பழைய ஏடுகளைப் பாதுகாத்ததும் எங்கள் குளிர்தான் என்று சிறு பெருமை ஏற்பட்டது.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்று ஆய்வு செய்தவர்களின் தடங்களைக் காட்டியவர்களையும் மறக்க இயலாது. சாரல்நாடன் தேயிலைத் தொழிற்சாலையில் பணியாற்றியபடியே நடேசய்யரைப் பற்றியும் சி. வி.யைப் பற்றியும் தேடித் தொகுத்தவர். அவருடைய உழைப்பைப் பட்டம் பெற்ற ஆய்வுகளுக்கு ஒருபடி கீழே வைப்பது அறியாமை என்பது என் உறுதியான கருத்து. கண்டியில் 1972இல் பால் கஸ்பர்ஸ் அடிகளார் தொடங்கிய சத்தியோதயம் என்ற சமூக ஆய்வு நிலையம், கம்பளைக்கு அருகே பழைய லயத்தில் அமைந்துள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆகிய இரண்டையும் நான் போய்ப் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்திய நண்பர்களுக்கு நன்றி. 2005 முதல் இயங்கிவரும், 'நூலகம்' என்றே பெயர் கொண்ட எண்ணிம நூலகத்தின் தன்னார்வலர்களை நான் நேரில் கண்டதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே பிரதியாக இருந்த ஏடுகள் போனது போனதுதான். அந்த நெருப்பை நினைத்துக்கொண்டே ஒவ்வொரு பக்கத்தையும் அவர்கள் படமெடுக்கிறார்கள் என்று நான் எண்ணுகிறேன்.

மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின், இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே 1964இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. ஆட்கள் பிரிந்தது போலவே அவர்களைப் பற்றிய ஆய்வுகளும் இரண்டு கரைகளில் பிரிந்து கிடக்கின்றன. கோத்தகிரியில் இருக்கும் என் சின்னம்மா மகன், நீலகிரியில் குடியேறிய தாயகம் திரும்பியோர் பற்றித் தமிழகப் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்ட ஆய்வேடுகளைத் தேடுவதற்கு, இந்திய ஆய்வேடுகளின் எண்ணிமக் களஞ்சியமான சோத்கங்காவை எனக்கு அறிமுகப்படுத்தினான். தம்பி, உன் இரவுத் தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னிப்பும் சேர்த்துக்கொள்.

எல்லா இடத்திலும் கதவு திறந்தது என்று சொன்னால் பொய்யாகும். ஓர் அலுவலகத்தில் பழைய செக்ரோல் புத்தகங்களை, அதாவது தொழிலாளரின் வேலைநாள் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேட்டு மூன்று முறை அலைந்த பிறகு, அவை முந்தைய ஆண்டே சாக்கில் கட்டி எடைக்குப் போடப்பட்டுவிட்டன என்று சொன்னார்கள். வெளியே படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்த ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருவர், ஒன்றும் பேசாமல் தம் வீட்டுக்கு அழைத்துச்சென்று, பரணிலிருந்து ஒரு பொட்டலத்தை இறக்கினார். கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் பழைய படங்கில் சுற்றி, கொச்சக்கயிற்றால் கட்டிய ஒரேயொரு செக்ரோல். முழுநாள் வேலைக்கு முழுப்பேர், அரைநாளுக்கு அரைப்பேர் எல்லாம் பென்சிலால் இட்டது. அதை எறிய மனம் வரவில்லை என்றார். ஆய்வாளர்கள் பார்க்கும்படி அதை உரிய காப்பகத்தில் சேர்ப்பதற்கு இசைந்த அவருக்கும், "கடுதாசிதானே, கொடுங்க" என்று அவரைச் சம்மதிக்க வைத்த அவருடைய மனைவியாருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் தவறுகளைத் தாங்கியவர்களும் உண்டு. ஹட்டன் பஸ் நிலையத்தில் மழையில் நனைத்துக்கொண்ட பிரதிக்கட்டு முழுவதையும், கலஹா சந்தியில் பிரதியெடுக்கும் கடைத் தம்பி பாதி விலைக்குத் திரும்ப எடுத்துத் தந்தார். சிங்கள ஆய்வேடுகளின் சுருக்கங்களை எனக்கு வாசித்துப் பொருள் சொன்ன பேராதனை மாணவியர் இருவர், பரீட்சைக் காலத்திலும் வந்தார்கள். என் மகள் தட்டச்சு செய்யும்போதுதான், ஒரே ஆய்வாளரை மூன்று ஆட்களாக நான் பதிந்திருப்பதைக் கண்டுபிடித்தாள்: முன்னெழுத்து முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில், தகப்பன் பெயரே குடும்பப் பெயராகி மற்றோரிடத்தில். அந்த ஒரு வகைப் பிழையைக் களைய மட்டும் நாங்கள் இரண்டு மாதம் உட்கார்ந்தோம்.

பட்டியலின் பிரதிகளை, கேட்கும் பாடசாலை நூலகங்களுக்கு இலவசமாக அனுப்புகிறேன். விடுபட்ட ஆய்வுகளும் பிழைகளும் இருக்கும்; சுட்டிக்காட்டுங்கள். அதற்கென்று நான்காவது சீ.ஆர். கொப்பி ஒன்றை நேற்றுத்தான் வாங்கினேன். அதன் முதல் பக்கத்தில், நான் விட்டுவிட்ட ஓர் ஆய்வேட்டின் தலைப்பைப் பேராதனை உதவியாளர் ஏற்கெனவே தொலைபேசியில் சொல்லி எழுத வைத்துவிட்டார். இம்முறை மிருக வைத்தியப் பிரிவிலிருந்து.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியன்,
ஹட்டன்.