இருட்டுவதற்குள் நிறுத்திவிடு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீ, மருமகள், பாப்பா மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

தபாலில் போடத்தான் எழுத உட்கார்ந்தேன். உறைமேல் எந்த விலாசத்தை எழுதுவது என்று தெரியவில்லை. பழைய வீட்டுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம் என்று தீபாவளிக்கு முன்பே சொல்லிவிட்டாய். புது விலாசம் கேட்டால், "இப்ப டூர்ல இருக்கோம்ப்பா, அப்புறம் சொல்றேன்" என்கிறாய். அதனால் கீழ் வீட்டுப் பையனிடம் கொடுத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். போனில் பேசும்போது பாதியில் சிக்னல் போய்விடுகிறது. எழுத்து என்றால் நின்று நிதானமாகப் படிக்கலாம்.

கிளம்பும்போது மூன்று வாரம் என்றாய். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் போய்த் திரும்பிவிட்டார்கள், பொங்கலும் முடிந்துவிட்டது. நீங்கள் இன்னும் அமெரிக்காவில், படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற அந்த வீட்டு வண்டியோடு அரிசோனாவில் இருக்கிறீர்கள். பார்க்க வேண்டிய இடங்கள் நிறைய இருக்கும், அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் வண்டியை நிறுத்திவிடு. எங்கே நிறுத்தினாய் என்று அன்றன்றே அனுப்பிவிடு. இந்தக் கடிதத்தில் இது ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்.

திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகமாக இருந்த காலத்திலிருந்தே சென்னை-நாகர்கோவில் பஸ் ஓட்டியவன் நான். ஏறக்குறைய 700 கிலோமீட்டர். விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் கண் திறந்தபடியே இருக்கும், புத்தி தூங்கிவிடும். உளுந்தூர்பேட்டையில் டீ குடித்தோம், முகம் கழுவினோம் என்பதெல்லாம் அரை மணி நேரத்துக்குத்தான் தாங்கும். எனக்காவது பேச்சுக் கொடுக்க ஒரு கண்டக்டர் இருந்தார். உனக்குப் பின்னால் தூங்குகிறவர்கள் உன்னை நம்பித் தூங்குகிறார்கள். இரவு ஓட்டாதே.

பொங்கலன்று பாப்பா வீடியோவில் வண்டி முழுவதையும் சுற்றிக் காட்டினாள். 30 அடி என்றாய். நம் பஸ்ஸுக்கு ஏழெட்டு அடிதான் குறைவு. அதை நீ ரிவர்ஸ் எடுத்து, மரத்துக்கும் மேசைக்கும் நடுவில் ஒரே தடவையில் நிறுத்தியதை மருமகள் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அதை டிப்போ நண்பர்கள் எல்லோருக்கும் காட்டினேன். "டிரைவர் மகன் டிரைவர்தான்யா" என்றார்கள். நான் உன்னை ஸ்டியரிங் பக்கமே விடாமல் படிக்கவைத்தவன். ஆனாலும் அந்த வார்த்தை எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வீடியோவில் கவனித்ததைச் சொல்கிறேன். உன் வண்டிக்குப் பின் சக்கரத்துக்குப் பின்னால் உடம்பு நிறைய நீட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் அந்தப் பின்பகுதி இடது பக்கம் வீசும். முன்னால் பார்த்து ஓட்டுகிறவனுக்கு இது தெரியாது. பெட்ரோல் பங்க்கில்தான் அதிகம் மாட்டும்: டீசலோ பெட்ரோலோ போட்டு முடித்ததும் பம்ப்பை ஒட்டி நின்ற வண்டியை ஒடித்து எடுப்பார்கள், பின்பக்கம் போய்ப் பம்ப்பில் இடிக்கும். முதலில் நேராக ஒரு வண்டி நீளம் முன்னால் வா. பிறகு ஒடி. மருமகளைக் கீழே இறக்கிப் பின்னால் நிற்கச் சொல். அவள் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். தெரியவில்லை என்றால் வண்டியை அசைக்காதே.

வண்டியின் உயரத்தை, கூரைமேல் இருக்கும் ஏசியையும் சேர்த்து அளந்து, அடி அங்குலத்தில் எழுதி ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டு. பழைய பாலமும் சுரங்கமும் உனக்காகக் கட்டியவை இல்லை. யூட்டாவில் சியோன் தேசியப் பூங்காவில் மலையைக் குடைந்த அந்தச் சுரங்கம் 1930-இல் முடிந்ததாம், அந்தக் காலத்துச் சின்னக் கார்களுக்கு. பெரிய வண்டிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, போவதற்கு முன் பூங்கா அலுவலகத்தில் கேட்டுவிடு. மொன்டானாவில் கிளேசியர் பூங்காவில் மலைமேல் ஏறும் சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியே போகக் கூடாது. கோடையில் அங்கே போவதாக இருந்தால் வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டுச் சுற்றுலாப் பேருந்தில் ஏறுங்கள். ஆனால் கோடை வரைக்கும் நீங்கள் சுற்றிக்கொண்டே இருக்கப் போகிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

இறக்கத்தைப் பற்றி நூறு தடவை சொல்லியிருக்கிறேன். மறுபடியும் சொல்கிறேன். ஊட்டி வண்டிக்கு மாற்று டிரைவராகப் போன நாட்களில் பெரியவர்கள் எனக்குச் சொன்னது: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிக் கருகல் வாடை வரும், அதற்குப் பிறகு மிதித்தாலும் பிடிக்காது. உன் வண்டியில் டோ ஹால் என்று ஒரு பட்டன் இருக்கும், அதைப் போட்டால் இறக்கத்தில் தானாகவே கியர் குறையும். போட்டுக்கொள். மிதித்துப் பிடித்து, வேகம் குறைந்ததும் காலை எடு. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

டயரைப் பார்த்தாயா? நீ வாங்கியது பழைய வண்டி. இந்த மாதிரி வண்டிகள் நின்றபடியே வயதாகிவிடும், டயரின் மேல்பட்டை தேயாமல் புதிது மாதிரி தெரியும், உள்ளே ரப்பர் செத்துப்போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று போட்டுக் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். ஆறேழு வருஷம் தாண்டியிருந்தால் மாற்றிவிடு. பணத்தைப் பார்க்காதே. காற்றைக் காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார். தண்ணீர்த் தொட்டியை ரொப்பி ஓட்டாதே, 1 லிட்டர் 1 கிலோ. போய்ச் சேருகிற இடத்தில் நிரப்பிக்கொள்.

பணத்தைப் பார்க்காதே என்று எழுதியதும் ஞாபகம் வருகிறது. வங்கியில் இருந்த வைப்புத் தொகை போன மாதம் முதிர்ந்துவிட்டது. மறுபடி போடாமல் கணக்கிலேயே வைத்திருக்கிறேன். சும்மா தெரிவிக்கிறேன்.

கொளத்தூர் மாமா வீட்டு விசேஷத்தில், உங்கள் மாதிரி கம்பெனிகளில் எல்லாம் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. உன் பெயரையும் இழுத்தார்கள். "அவன் கிரீன் கார்டு வாங்கிட்டான், பெண்டாட்டி பிள்ளையோட ஊர் சுத்திப் பார்க்கறான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் வந்துவிட்டேன். உன் அக்காவிடம் கேட்டால் "அவனையே கேளுங்கப்பா" என்கிறாள். அக்காவிடம் சொல்கிறவன் எங்களிடம் சொல்லக் கூடாதா? சரி, விடு.

அம்மா முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாள். அயனாவரத்தில் மெட்ரோ வேலை இன்னும் முடியவில்லை, பஸ் எல்லாம் சுற்றிக்கொண்டுதான் போகிறது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

பாப்பா வண்டியைச் சுற்றிக் காட்டும்போது, அடுப்புக்கு மேலே அலமாரியில் குத்துவிளக்கு இருந்தது. உன் கிரகப்பிரவேசத்துக்கு அம்மா கும்பகோணத்தில் சொல்லிச் செய்து கொண்டுவந்த விளக்கு. பக்கத்தில் கிரைண்டரும் இருந்தது. அம்மாவும் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. வெண்கலம் கனம். பிரேக் போட்டால் அது அங்கிருந்து பறந்து வந்து யார் தலையிலாவது விழும். பழைய துணியில் சுற்றிக் கீழ்ப் பெட்டிக்குள் வை. கிரைண்டரையும் கீழே இறக்கிக் கட்டிவை. வண்டியில் கனமானது எல்லாம் கீழேதான் இருக்க வேண்டும்.

கேஸ் விஷயத்தில் கவனம். அங்கே புரொப்பேன், நம் சிலிண்டர் கேஸ் மாதிரியே காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படுக்கும். பாப்பாவின் படுக்கை கீழேதான் இருக்கிறது. கேஸ் அலாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறதா பார். குளிருகிறது என்று அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்கிவிடாதீர்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டும் தூங்கக் கூடாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. அதற்குத் தனி அலாரம் இருக்கும், அதன் பேட்டரியை இன்றைக்கே மாற்று. பாலைவனம் என்றாலும் இப்போது ராத்திரி உறைந்துவிடும், தண்ணீர்க் குழாயைத் தூங்குவதற்கு முன் கழற்றி வடித்துவிடு.

கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போனால் தெற்குக் கரைக்குத்தான் போக முடியும், குளிர்காலத்தில் வடக்குக் கரை மூடியிருக்கும். தெற்குக் கரை ஏறக்குறைய ஊட்டி உயரம், பனி விழும். கரெண்டு, தண்ணீர் இணைப்போடு வண்டி நிறுத்துகிற இடம் அங்கே வருஷம் முழுக்கத் திறந்திருக்கிறதாம், முன்பதிவு செய்துகொண்டு போ. அடியில் தெரிகிற கரும்பாறைக்கு விஷ்ணு என்று பேர் வைத்திருக்கிறார்கள், 170 கோடி வருஷத்துக்கு மேல் பழசாம். உள்ளே இருக்கும் குன்றுகளில் ஒன்றுக்குப் பிரம்மா பேர், ஒன்றுக்குச் சிவன் பேர். அம்மாவிடம் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டாள். பாப்பா சட்டையில் குத்தியிருந்த பேட்ஜ் ஜூனியர் ரேஞ்சர் பேட்ஜ்தானே? புத்தகத்தில் கேட்டதையெல்லாம் எழுதி முடித்தால் பூங்காவில் கொடுக்கிறார்களாம். கெட்டிக்காரி. மற்றப் பாடங்களும் தினம் நடக்கிறதா? அவள் வகுப்புக் குழந்தைகள் இப்போது எதுவரைக்கும் முடித்திருப்பார்கள்? மருமகளைக் கேட்டுச் சொல்.

ராத்திரி தங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். கீழ் வீட்டுப் பையனை உட்காரவைத்து இதையெல்லாம் படித்துச் சொல்லச் சொன்னேன், அமெரிக்க வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நெடுஞ்சாலையோர ஓய்விடங்களில் ராத்திரி தங்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பலகையைப் படித்துவிட்டு நிறுத்து. வால்மார்ட் வளாகத்தில் எல்லாக் கடையிலும் விடுவதில்லை, உள்ளே போய் மேனேஜரிடம் கேள். கேட்பதில் ஒன்றும் குறைந்துவிட மாட்டாய். பிஎல்எம் என்கிற அரசாங்க நில நிர்வாகத் துறையின் நிலங்களில் பல இடங்களில் காசில்லாமல் தங்கலாம், பெரும்பாலும் 14 நாள். அதற்கு மேல் வேறு இடத்துக்கு நகர வேண்டும். அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்ற ஊருக்குப் பக்கத்தில் அனுமதிச் சீட்டு வாங்கினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரைக்கும் இருக்கலாம். குளிருக்குப் பயந்து வருகிற வயதானவர்கள் நிறைய பேர் அங்கே வண்டி போட்டிருப்பார்கள். அப்படி நாலு பேர் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்து. தனியாக நிற்காதே.

வண்டியிலேயே வருஷம் முழுக்கக் குடும்பம் நடத்துகிறவர்களும் அங்கே உண்டாம். லைசென்ஸுக்கும் வண்டிப் பதிவுக்கும் தெற்கு டகோட்டாவில் ஒரு விலாசம் வைத்துக்கொள்வார்களாம். நீங்கள் டூர்தான் போயிருக்கிறீர்கள். இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள். ஒரு ஊர்த் தபால் நிலையத்துக்கு உன் பெயர் போட்டு ஜெனரல் டெலிவரி என்று எழுதினால், நீ அடையாள அட்டை காட்டி வாங்குகிற வரைக்கும் சில நாள் வைத்திருப்பார்களாம். வடகம், மோர்மிளகாய், ரசப்பொடி எல்லாம் அம்மா கட்டிவைத்திருக்கிறாள். எந்த ஊரில் இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் இருப்பீர்களோ அந்த ஊர்ப் பெயரைச் சொல்.

பெருங்காற்று அடித்தால் ஓட்டாதே, உயரமான வண்டியைக் காற்று தள்ளும். டெத் வேலி பாலைவனத்துக்குப் போக ஆசை இருந்தால் இப்போதே போய்விடு. 1913 ஜூலையில் அங்கே 56.7 டிகிரி அடித்தது. 2003 மே மாதம் சென்னையில் 45 அடித்தபோது நாம் பட்ட பாடு உனக்கு ஞாபகம் இருக்கும். வெயில் காலத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதே. இருட்டுவதற்குள் நிறுத்திவிடு.

இன்னொரு விஷயம். மாடி வீட்டில் குடியிருந்தவர்கள் தை பிறந்ததும் காலி செய்துவிட்டார்கள். புரோக்கர் இரண்டு குடும்பத்தை அழைத்து வந்தார். வாடகைக்கு விடுவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அக்காவுக்கும் சம்மதம்தான். தண்ணீர்க் கஷ்டம் இல்லை, புது மோட்டார் போட்டாயிற்று. இன்டர்நெட் கீழ் வீட்டில் இருப்பது மேலேயும் வரும் என்று பையன் சொன்னான். லீவுக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை. எப்போது தோன்றுகிறதோ அப்போது வரலாம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு.

அடுத்த வாரம் மாடிக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறான். சின்ன அறைக்கு என்ன கலர் வேண்டும் என்று பாப்பாவைக் கேட்டுச் சொல்.

இப்படிக்கு,
அப்பா