பக்கவாட்டில் ஒரு விளக்கு வையுங்கள்

ஆங்கிலோ-சாக்சன் (பழைய ஆங்கிலேயர்) காலத்துக் கல்சிலுவைகளை உள்ளே வைத்துக் காத்துவரும் வட இங்கிலாந்து ஆலயக் குழுவினருக்கு, வணக்கம்.

போன மாதம் உங்கள் ஆலயங்களில் ஒன்றுக்கு வந்திருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கோபுரத்தின் அடியில் இருண்ட மூலையில் உடைந்த சிலுவைத் தூண் நின்றது. அதை ஒட்டி அடுக்கிய நாற்காலிகள், பூச்சாடிக்குத் தண்ணீர் எடுக்கும் வாளி. நேர் எதிரே உத்தரத்தில் ஒரு விளக்கு. அது எரிந்தும் கல் சொரசொரத்த கம்பமாகத்தான் தெரிந்தது. "இதுக்காகவா இவ்வளவு தூரம்?" என்றாள் மகள்.

கைப்பேசி டார்ச்சைக் கல்லின் விளிம்பருகே பிடித்து, பக்கவாட்டில் அடித்தேன். திராட்சைக் கொடி ஒன்று சுருண்டு சுருண்டு மேலே ஏறியது. ஒரு சுருளுக்குள் பறவை, கழுத்தை வளைத்துப் பழத்தைக் கொத்துகிறது. அதற்கு மேல் வாலைக் கொடியில் சுற்றிக்கொண்ட ஏதோ மிருகம். மகள் வாளியை நகர்த்திவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

கல்வெட்டுப் படிப்பவர்களுக்குப் பழகிய வித்தைதான் இது. ஆயிரத்து இருநூறு வருடம் தேய்ந்த செதுக்கலில் மிச்சமிருப்பது மெல்லிய மேடு பள்ளம். நேரே விழும் ஒளி அதன் நிழலையும் அழித்துவிடுகிறது. அந்தக் காலத்தில் இவற்றுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். இப்போது நிழல்தான் வண்ணம்.

பெரிய வேலையை உங்களவர்கள் முன்பே செய்துவிட்டார்கள். யார்க்ஷயர் ஊரான இல்க்லியில் மூன்று சிலுவைகளை 1983-இல் மழையிலிருந்து ஆலயத்துக்குள் கொண்டுவந்தார்கள். அவற்றில் உயரமானதில், நற்செய்தி எழுதியவர்களான மாற்கு சிங்கத் தலையோடும் லூக்கா காளைத் தலையோடும் நிற்கிறார்கள். எல்லைக்கு அப்பால் ஸ்காட்லாந்தின் ரத்வெல்லில் நடந்ததைச் சொல்லவே வேண்டாம். சிலை ஒழிப்பு ஆணை 1640-இல் வர, அங்கே சிலுவையை உடைத்துப் போட்டார்கள். 1823-இல் ஹென்றி டங்கன் என்ற போதகர் துண்டுகளைப் பொருத்தித் தன் தோட்டத்தில் நிறுத்தினார். (சேமிப்பு வங்கி தொடங்கியவரும் இவரே.) 1887-இல் அதை ஆலயத்துக்குள் கொண்டுவந்தபோது, பதினெட்டு அடி உயரத்துக்குக் கூரை எட்டாமல் தரையைத் தோண்டி இறக்கினார்கள். ஓரங்களில் ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில் கவிதை வரிகள். கிறிஸ்துவைச் சுமந்த கதையை அதில் சிலுவையே சொல்கிறது.

நான் கேட்பது தோண்டும் வேலையல்ல. தரையில் வைக்கும் சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்று, பக்கவாட்டில். சுவரில் ஆணி வேண்டாம். அடித்தால் அனுமதி, விண்ணப்பம் என்று ஒரு வருடம் ஓடிவிடும். விளக்கு வரும்வரை வாசலில் ஒரு டார்ச்சைத் தொங்கவிடுங்கள். கல்லைத் தொடாமல் ஓரத்திலிருந்து அடிக்கவும் என்று ஒரு சீட்டும் எழுதி வையுங்கள்.

நாற்காலிகளுக்கு வேறு மூலை கிடைக்கும்தானே?

இப்படிக்கு,
டார்ச் அடித்த ஒரு பார்வையாளர்