பூசி மறைத்தால் துரு போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கான்கிரீட் பெயர்ந்த இடத்தில் கலவை பூசி, நீர்த்தடுப்பு பெயின்ட் அடித்தால் போதும் என்று சென்ற இதழின் கட்டடப் பராமரிப்புக் கட்டுரை சொல்கிறது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், போதாது.

கான்கிரீட்டுக்குள் கம்பியைக் காப்பது அதன் காரத்தன்மை. அதைக் காட்டும் பி.எச். அளவு நல்ல கான்கிரீட்டில் 12.5க்கு மேல் இருக்கும். அந்த நிலையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் கம்பியை மூடியிருக்கும். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு உள்ளே போய் அந்த அளவை 9க்குக் கீழே இறக்கினாலோ, உப்பு ஊறினாலோ படலம் அழிந்துவிடும். துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் உள்ளிருந்தே வெடிப்பது அதனால்தான்.

அண்மையில் ஒரு பீமைப் பார்த்தேன். அடியில் இரண்டடி நீளத்துக்கு ஒட்டுப்பூச்சு, பளிச்சென்று இருந்தது. அதன் இரு ஓரங்களிலும் விரிசல். சுத்தியலால் தட்டினால் பொள்ளல் சத்தம். உடைத்து, காரத்தன்மை உள்ள இடத்தில் இளஞ்சிவப்பாக மாறும் பீனால்ப்தலீன் கரைசலைத் தெளித்தோம். ஆழத்தில் இளஞ்சிவப்பு ஏறியது, கம்பியைச் சுற்றி மட்டும் நிறமே வரவில்லை. பூசியவர் கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டியிருந்தார். பின்பக்கம் துரு அப்படியே அடை அடையாக இருந்தது.

உப்பு ஏறிய கான்கிரீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. துருப்பிடித்த பகுதி தான் அரிபட்டு, பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால், அடுத்த அரிப்பு ஒட்டின் ஓரத்தில் தொடங்கும். அங்கே கம்பியோடு ஆனோடு எனப்படும் துத்தநாகத் துண்டைக் கட்டுவது இதற்காகத்தான். கம்பிக்குப் பதில் துத்தநாகம் கரையும்.

சரி, முறையாகச் செய்வது எப்படி? முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு கம்பியின் பின்னாலும் 20, 25 மி.மீ. இடைவெளி கிடைக்கும்வரை உடைத்து, பளபளவென்று இரும்பு தெரியும்வரை துருவை எடுக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பொறியாளர் கணக்குப் போட்டுக் கூடுதல் கம்பி சேர்ப்பார். அப்புறம்தான் கலவை. பெயின்ட் கடைசி வேலை.

புதிதாகக் கட்டுவோருக்கும் ஒன்று. 40 மி.மீ. இருக்க வேண்டிய கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், 20 ஆகிவிட்டால், கார்பன் டைஆக்சைடு கம்பியை எட்டும் காலம் பாதியாக அல்ல, ஏறக்குறைய கால்வாசியாகக் குறையும். ஊடுருவும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் கூடுவதே காரணம். கம்பிக்கு அடியில் இந்தக் கனத்தை உறுதிசெய்யும் கவர் பிளாக்குக்குப் பதில் கையில் அகப்பட்ட ஜல்லியைச் செருகும் வழக்கத்தைப் பற்றியும் உங்கள் கட்டுரையாளர் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
பழுதுபார்ப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்